நிலக்கரி ஊரில் ஐந்து பாஷை

உங்களுக்குப் பிரெஞ்சு பாஷை தெரியுமா?

"நமக்கு எதற்கு அதெல்லாம்!" என்று கையை உதறிவிடாதீர்கள். கொஞ்சம் தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது, அவ்வளவே. சந்தேகமாக இருந்தால் நெய்வேலிவரைக்கும் ஒரு நடை வாருங்கள். "பிரெஞ்சு கற்க நெய்வேலிக்கா? பக்கத்தில் புதுச்சேரி இருக்கும்போது?" என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. வழியில் சொல்கிறேன்.

விக்கிரவாண்டியில் திருச்சிச் சாலையை விட்டுப் பிரிந்து போனால் பண்ருட்டி வரும். பலாப் பருவமாக இருந்தால் ஊர் வருவதற்கு முன்பே வாசனை வந்து வரவேற்கும். சாலையோரத்தில் பழங்கள் கன்றுக்குட்டிகளைப் போலப் படுத்துக் கிடக்கும். செம்மண்ணில் முந்திரித் தோப்புகள் கை பரப்பி நிற்கும். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் வலது பக்கம் ஒரு வளைவு வாயில். ஊரார் வழக்கில் 'ஆர்ச் கேட்'. அதற்குள் நுழைந்ததும் இதுவரை பார்த்த கிராமத்துச் சாயல் மறைந்துவிடுகிறது. கோடு போட்டாற்போல் நேரான சாலைகள், இரு பக்கமும் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் வரிசையாகக் குவார்ட்டர்ஸ் வீடுகள். "உங்கள் வீடு எங்கே, அம்மா?" என்று கேட்டால் தெருவின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "இத்தனையாவது வட்டம்" என்று எண்ணைச் சொல்வார்கள். மெயின் பஜாரில் கறிகாய் வாங்கிக்கொண்டு, பெரிய ஐம்பொன் நடராஜரைத் தரிசித்துவிட்டு வீடு திரும்பும் பெண்களைப் பார்த்தால், இவர்கள் காலடிக்கு அருகே இத்தனை பெரிய பள்ளம் இருக்கிறது என்று நம்பவே தோன்றாது.

அந்தப் பள்ளம்தான் நெய்வேலி. அதன் கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது.

கிணறு வெட்டக் கரி புறப்பட்டது

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம்முடைய நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ துகள் வந்தது. மற்றவராக இருந்தால் "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று கிணற்றை மூடியிருப்பார்கள். முதலியார் மூடவில்லை. அதை எடுத்து அதிகாரிகளிடம் காட்டினார். பிறகு ஆய்வுகள், துளைகள், அறிக்கைகள். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14-ஆம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். முதலியார் நிலம் கொடுத்தார். சுற்றியிருந்த கிராமங்களின் குடும்பங்களும் வீடு, வயல், குலதெய்வம் எல்லாவற்றையும் விட்டுப் பெயர்ந்தன. 'நெய்வேலி' என்பதே அப்படிப்பட்ட ஒரு சிற்றூரின் பெயர்தான். இதை மறந்துவிட்டு அந்த ஊரின் பெருமையைப் பேசக் கூடாது.

கரி சுலபத்தில் கிடைக்கவில்லை. மேலே ஐம்பது மீட்டருக்கும் கூடுதலான கெட்டி மண்ணும் மணற்பாறையும். கீழே அதைவிடப் பெரிய சங்கடம்: தண்ணீர். நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. சோற்றுப் பானையின் மூடியைப் பாருங்கள். கனமான மூடி இருக்கும்வரை கஞ்சி அடங்கியிருக்கிறது. மூடியை லேசாக்கினால் பொங்கி வழிகிறது. மேல்மண்ணை அள்ளிவிட்டால் இங்கேயும் அதே கதைதான். ஆகவே கரி வெட்டுவதற்கு முன்பே சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். இறைப்பது நின்றால் சுரங்கமும் நின்றுவிடும்.

இப்போது உங்கள் பிரெஞ்சுக்கு வருவோம். இப்படி அடைபட்டு, துளை போட்டதும் தானே மேலே எழும் நீருக்கு 'ஆர்ட்டீசியன் ஊற்று' என்று பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? வட பிரான்சில் 'ஆர்த்துவா' என்று ஒரு பிரதேசம் உண்டு. அங்கே இத்தகைய கிணறுகள் இருந்ததால் உலகமெங்கும் அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

'லிக்னைட்' என்கிறோமே, அதுவும் பிரெஞ்சுச் சொல்தான். மரம் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கினார்கள். ஆங்கிலம் அதைக் கடன் வாங்கியது. நாம் ஆங்கிலத்திடம் வாங்கினோம். மின்சார நிலையத்தில் சுழலும் 'டர்பைன்' என்ற பெயரை 1822-இல் வைத்தவர் குளோத் பர்தேன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். வீட்டு ஃபியூசில் எழுதியிருக்கும் 'ஆம்பியர்' ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயர். மீட்டர், லிட்டர், கிலோகிராம் எல்லாம் பிரெஞ்சுப் புரட்சியின் குழந்தைகள். கரித்தூளை அழுத்திச் செய்யும் 'பிரிக்கெட்' என்ற சொல்லுக்குப் பிரெஞ்சில் 'சின்னச் செங்கல்' என்று அர்த்தம். அந்தக் காலத்தில் கார் ஓட்டுபவரை நாம் 'ஷோபர்' என்றோமே, அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் கொதிகலனுக்கு நெருப்பு மூட்டுகிறவர் என்பது!

பார்த்தீர்களா? ஒரு பாடம்கூடப் படிக்காமல் இத்தனை பிரெஞ்சு. இவையெல்லாம் வேலை செய்கிற இடத்திலிருந்து வந்த சொற்கள். காதல் கவிதையிலிருந்து வந்தவை அல்ல. நான் சொல்ல வந்த விஷயமும் அதுதான். ஒரு பாஷை ஒரு ஊருக்குள் நுழையும்போது பெரும்பாலும் வேலையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைகிறது.

ஜெர்மானியரும் ருஷ்யரும் ஒரே ஊரில்

நெய்வேலியில் இது கண்கூடாக நடந்தது. திட்ட ஆலோசனைக்கு இங்கிலாந்தின் பவல் டஃப்ரின் நிறுவனம். மண்ணை வாரும் ராட்சசச் சக்கர யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. ஒரு பெரிய சக்கரம். அதன் விளிம்பு முழுவதும் வாளிகள். சக்கரம் சுற்றச் சுற்ற வாளி வாளியாக மண் அள்ளிக் கன்வேயர் பட்டையில் கொட்டும். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் 'ஷௌஃபெல்ராட்பாகர்'. சொல்லும்போதே நமக்கு மூச்சு வாங்குகிறது! மின்சார நிலையத்துக்கோ சோவியத் ருஷ்யாவின் உதவி. 1957 நவம்பரில் ஒப்பந்தமாயிற்று. 1962-இல் முதல் யந்திரம் ஓடியது. 1970-இல் அந்த நிலையம் 600 மெகாவாட் சக்தி பெற்று நிறைவெய்தியது.

காலத்தையும் கவனியுங்கள். 1961 ஆகஸ்டில் பெர்லின் நகரின் நடுவே சுவர் எழுப்பினார்கள். ஒரு பக்கத்து ஜனங்கள் மறுபக்கத்து ஜனங்களோடு பேச முடியாமல் போயிற்று. அதே ஆகஸ்டு மாதத்தில்தான் நெய்வேலியில் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்தைப் பார்த்தது. அங்கே முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு அணிகளின் யந்திரங்களும் தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரே கரிக்காக உழைத்தன. மேற்கு ஜெர்மன் சக்கரம் கரிக்கு வழி திறந்தது. அந்தக் கரி ருஷ்யக் கொதிகலனில் எரிந்தது. நடுவே நின்று இரண்டையும் இணைத்தவர்கள் நம்மவர்கள்.

இணைப்பதற்குப் பாஷை வேண்டாமா? ருஷ்ய எழுத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆங்கில 'பி' போல இருப்பது அவர்களுக்கு 'ர்', ஆங்கில 'எச்' போல இருப்பது 'ந்', 'சி' போல இருப்பது 'ஸ்'. தெரிந்த எழுத்தென்று நினைத்து வாசித்தால் விபரீதம்தான். ஆகவே இப்படிப்பட்ட திட்டங்களில் மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார்.

அந்த உத்தியோகம் நமக்குப் புதிதல்ல. துபாஷி என்ற பெயரில் நம் கடற்கரைப் பட்டணங்களில் அது பழைய உத்தியோகம். இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள். புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை அறியாதவர் யார்? 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு இன்றைக்கும் சரித்திரப் பொக்கிஷம். அவருடைய காரியமெல்லாம் கணக்கு, சரக்கு, கடிதம், கப்பல். வேலைக்கு வேண்டிய பாஷையை வைத்துக்கொண்டு ஒரு ராஜ்யத்தின் நடுவே நின்றவர் அவர்.

ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு துபாஷி வைக்க முடியுமா? முடியாது. அப்போதுதான் கேள்வி எழுகிறது: வேலை செய்கிறவருக்கே வேலைக்கு வேண்டிய பாஷையை எப்படிக் கற்றுக்கொடுப்பது? 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கியபோது அங்கே ஜெர்மன் மொழியும் பாடமாக இருந்தது. ஜெர்மானியப் பேராசிரியரும் ஜெர்மன் யந்திரமும் வந்த இடத்தில் அது அலங்காரப் பாடமாக இருந்திருக்க முடியாது.

வாத்தியார் முதலில் மாணவர்

இந்தக் கேள்வியைப் பிரெஞ்சுக்காரர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். மங்கியாந்த், பர்ப்பெத் என்ற இரண்டு ஆசிரியர்கள் 2004-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். 'குறிப்பிட்ட நோக்கத்துக்கான பிரெஞ்சு' என்று அதற்குப் பெயர். அதன் சாரம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: யாருக்குப் பசி, எவ்வளவு பசி என்று பார்த்து உலை வை.

முதலில் ஒரு நிறுவனமோ மருத்துவமனையோ "எங்கள் ஆட்களுக்குப் பிரெஞ்சு வேண்டும்" என்று கேட்கிறது. உடனே ஆசிரியர் இலக்கணப் புத்தகத்தைத் திறந்துவிடக் கூடாது. யார் யாரோடு, எந்த இடத்தில், எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். பிறகு அந்த இடத்துக்கே போய்க் காதால் கேட்க வேண்டும். அங்குள்ள பாரங்கள், அறிவிப்புப் பலகைகள், கடிதங்கள், டெலிபோன் பேச்சுகள் எல்லாவற்றையும் சேகரிக்க வேண்டும். சேகரித்ததைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்புதான் பாடம். அதாவது வாத்தியார் முதலில் அந்த வேலைக்கு மாணவராக வேண்டும். சுரங்கத்துக்குப் பாடம் எழுதுகிறவர் தலையில் ஹெல்மெட் ஏற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பாடம் எழுதுகிறவர் வார்டில் ஒரு ராத்திரி உட்கார வேண்டும்.

அப்படி எழுதிய பாடம் எப்படி இருக்கும்? ஹோட்டல் வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணுக்கு முதல் பாடம் அறை எண், சாவி, கணக்குச் சீட்டு. நர்ஸுக்கு முதல் பாடம் "ஊ அவே-வூ மால்?" எங்கே வலிக்கிறது? தொழிற்சாலையில் நிற்பவருக்கு முதல் பாடம் "அரெத்தே!" நிறுத்துங்கள். "தான்ஜே!" ஆபத்து. "சொர்த்தி" வெளியே போகும் வழி. பிறகு "அத்தான்சியோன்!" இதற்கு 'ஜாக்கிரதை' என்று அர்த்தம். 'அத்தான்' என்று தொடங்குவதால் நம் வீட்டுப் பெண்களுக்கு மறக்கவே மறக்காது; ஜாக்கிரதை என்ற அர்த்தமும் சிலருக்குப் பொருத்தமாகவே படலாம்!

எண்ணிலே இருக்கிறது கண்ணி

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அபாயமான இடம் எது தெரியுமா? எண்கள்.

பிரெஞ்சில் எழுபது என்பதற்குத் தனிச் சொல் இல்லை. 'அறுபது-பத்து' என்பார்கள். எழுபத்தைந்து என்றால் 'அறுபது-பதினைந்து'. எண்பது 'நாலு இருபது'. தொண்ணூறு 'நாலு இருபது-பத்து'. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் சுலபமான சொற்களை வைத்திருக்கிறார்கள். பிரான்சில் பழைய வழக்கமே. டெலிபோனில் ஒருவர் அழுத்தமானியின் அளவைச் சொல்கிறார். 'அறுபது' என்று காதில் விழுந்ததும் கை ஆறு என்று எழுதிவிடுகிறது. அடுத்த சொல் வருவதற்குள் தப்பு நடந்துவிட்டது. ஆகவே வேலைக்கான வகுப்பில் எண்களைப் பாட்டாக ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள். காதால் கேட்டு எழுதச் சொல்வார்கள். இரைச்சலின் நடுவே கேட்டு எழுதச் சொல்வார்கள். எழுதியதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள்.

இன்னொரு கண்ணி, ஒரு சின்னக் காற்புள்ளி. நாம் இரண்டரையை எண்ணில் எழுதும்போது நடுவே புள்ளி வைக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் காற்புள்ளி வைக்கிறார்கள். அவர்கள் காகிதத்தில் 1,250 என்று இருந்தால் அது ஒன்றேகால். நாம் படித்தால் ஆயிரத்து இருநூற்றைம்பது! மருந்து அளக்கும் இடத்தில் இந்தக் காற்புள்ளி எத்தனை பெரிய விஷயம் என்று குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆங்கிலம் படித்தவர்களுக்கென்றே வைத்த கண்ணியும் உண்டு. பிரெஞ்சில் 'ஏவாந்த்யுவெல்மான்' என்று ஒரு சொல். ஆங்கில 'ஈவென்ச்சுவலி' போலவே இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு 'கடைசியில் எப்படியும்' என்று பொருள், பிரெஞ்சிலோ 'ஒருவேளை'. "ஒருவேளை உதிரி பாகங்கள் அனுப்புவோம்" என்று எழுதிய கடிதத்தை "எப்படியும் அனுப்புவார்கள்" என்று படித்துவிட்டுக் காத்திருந்தால் யந்திரமும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் தமிழருக்கு அனுகூலம். ஆங்கிலத்தில் பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே சொல். பிரெஞ்சில் 'வூ' என்றால் நீங்கள். 'த்யூ' என்றால் நீ. யாரை எப்போது எப்படி அழைப்பது என்று ஓர் ஆங்கிலேயருக்குப் பத்து நாள் பாடம் நடத்த வேண்டும். நம் வீட்டுக் குழந்தைக்கு ஒரு நிமிஷம் போதும்.

கேட்கிற பாஷையும் சொல்கிற பாஷையும்

இனி மனசைத் தொடுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

வேலைக்காகப் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கும் முயற்சிகளில் மிகப் பழையது ஒன்று உண்டு. 1926 ஜூலையில் பிரெஞ்சு ராணுவம் ஒரு விதிமுறை வெளியிட்டது. தன் ஆட்சிக்கு உட்பட்ட தேசங்களிலிருந்து படையில் சேர்ந்த சிப்பாய்களுக்குப் பிரெஞ்சு கற்பிப்பது எப்படி என்பதுதான் விஷயம். மேலதிகாரியின் கட்டளை புரிய வேண்டும், அதிகாரி கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். காரியம் நடந்தது, சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கட்டளையைக் கேட்க மட்டும் கற்றுக்கொடுத்தால் அது பாதி பாஷை. "எனக்குப் புரியவில்லை", "இன்னொரு தரம் சொல்லுங்கள்", "நிறுத்துங்கள், இது ஆபத்து", "என்னால் முடியவில்லை, உடம்பு சரியில்லை" என்று சொல்லத் தெரிவதுதான் மீதிப் பாதி. முதல் பாதி முதலாளிக்கு உபயோகம். இரண்டாவது பாதி உழைக்கிறவரின் உயிருக்கு உபயோகம்.

'புரியவில்லை' என்று சொல்வது வகுப்பில் மட்டமாகத் தோன்றலாம். கொதிகலனின் பக்கத்தில் அது மிகப் பெரிய புத்திசாலித்தனம். தலையை ஆட்டிவிட்டுத் தப்பான சக்கரத்தைத் திருப்புவதைவிட, "ஜ நே பா கோம்ப்ரி" என்று ஒரு வாக்கியம் சொல்வது எவ்வளவோ மேல். நல்ல ஆசிரியர் முதல் நாளே கற்றுக்கொடுக்க வேண்டிய வாக்கியம் இதுதான். வெட்கப்படாமல் சொல்லும்வரை கற்றுக்கொடுக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசா, பிகார், வங்காளம் என்று தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். அன்று ஜெர்மானியர் முன்னால் நாம் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நம் முன்னால் நிற்கிறார்கள். "தமிழ் கற்றுக்கொள்ளட்டும்" என்று சொல்வது நியாயம். மேஸ்திரி அவர்கள் பாஷையில் "நிறுத்து", "நகர்ந்துகொள்", "எங்கே வலிக்கிறது?" என்று பத்துச் சொல் கற்றுக்கொள்வதும் அதே அளவு நியாயம். பாஷைச் சுமையை எப்போதும் எளியவர் தலையிலேயே ஏற்றக் கூடாது.

உங்கள் பெண்ணின் பிரெஞ்சு

"இதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று கேட்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை.

நம் வீடுகளில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் மொழிப் பாடமாகப் பிரெஞ்சை எடுப்பது உண்டு. காரணம் பெரும்பாலும் மார்க்கு. மார்க்கு வரும்; பரீட்சை முடிந்ததும் பிரெஞ்சு போய்விடும். பெட்டியில் வைத்த பட்டுப் புடவைபோல் அது சான்றிதழில் மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும்.

அதே பிரெஞ்சுக்கு வேலையிடத்தில் வேறு மதிப்பு. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி செய்கிறது. ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ கார்கள் உருவாகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் மிஷலின் டயர் செய்கிறது. மூன்றும் பிரெஞ்சு தேசத்துப் பெயர்கள். அங்கே ஆங்கிலம் போதும் என்பது நிஜம்தான். ஆனால் ஒரு வரைபடத்தின் ஓரத்தில் எழுதிய குறிப்பைப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கும், தெரியாத பெண்ணுக்கும் ஒரு மேஜை வித்தியாசம் இருக்கும்.

கற்பதற்கு இடமும் உண்டு. புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதலும், சென்னையில் 1953 முதலும் இயங்கி வருகின்றன. புதுச்சேரியில் 1823-இலேயே பிரெஞ்சுக்காரர்கள் வைத்தியப் பள்ளி வைத்தார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். 1827-இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி சபைக் கன்னியர் பெண்களுக்குப் படிப்பும் பூத்தையலும் கற்பித்தார்கள். பிரான்சில் குளூனி என்பது ஒரு சிற்றூர். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடம் ஒன்று நெய்வேலியிலும் இருக்கிறது! ஆகவே லிக்னைட் என்ற சொல்லைப் போலவே, தினமும் வாயால் சொல்லிக்கொண்டு ஒரு பிரெஞ்சு ஊருக்குத்தான் நெய்வேலிப் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறார்கள்.

அடுப்பும் அனலும்

நெய்வேலியை விட்டுக் கிளம்புமுன் சுரங்கத்தின் விளிம்பை அனுமதி பெற்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கீழே சக்கரம் சுற்றுகிறது. கரி பட்டையில் ஏறி ஓடுகிறது. இந்தக் கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம். தூரத்துக்குக் கொண்டுபோனால் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். வெயிலில் குவித்து வைத்தாலோ தானே பற்றிக்கொள்ளும். ஆகையால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே மின்சார நிலையங்கள். ருஷ்யர் உதவியில் எழுந்த முதல் நிலையம் ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டு உழைத்துவிட்டு 2020-இல் ஓய்வு பெற்றது. இன்று புதிய நிலையங்கள் எரிகின்றன. ஒரு காலத்தில் நம் சமையலறைகளில் 'லெகோ' கரி எரிந்ததே, அதைச் செய்த தொழிற்சாலையும் இங்கேதான் இருந்தது, அதுவும் மூடிவிட்டது. 2016 முதல் நிறுவனத்தின் பெயர்கூட என்.எல்.சி. இந்தியா.

யந்திரம் பழசாகும், பெயர் மாறும், வந்த விருந்தாளிகள் ஊர் திரும்புவார்கள். கற்ற சொல் மட்டும் தங்கிவிடுகிறது. ஜெர்மானியரும் ருஷ்யரும் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவர்களிடம் வேலை கற்றவர்கள் தமக்குப் பின் வந்தவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்னும் சக்கரத்தைச் சுற்ற வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் பத்துக் கிலோமீட்டர் தெற்கே போய் வடலூரையும் பார்த்துவிடுங்கள். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையாமல் எரிகிறது. பசி என்று வந்தவரை "எந்த ஊர், எந்த பாஷை?" என்று அந்த அடுப்பு கேட்பதில்லை. பசியைத் தெரிந்துகொண்டு சோறு போடுகிறது. பாஷை சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் அதைவிட நல்ல சூத்திரம் வேறு இல்லை.

வீட்டில் பிரெஞ்சு படிக்கும் பெண்ணோ பிள்ளையோ இருந்தால், அடுத்த முறை "எத்தனை மார்க்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எழுபத்தைந்தைக் காதால் கேட்டு எழுதத் தெரியுமா? 'புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள்' என்று சொல்லத் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியும் என்றால், கவலைப்படாதீர்கள். அந்தக் குழந்தை எந்த ஊர் யந்திரத்தின் முன்னாலும் நிமிர்ந்து நிற்கும்.